தூணில் கட்டிய கயிறும் தேர்வுக்கு முந்தைய மாத்திரையும்



தேர்வுக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளை உறங்காமல் படிக்கவும், படித்ததை மறவாதிருக்கவும் ஏதேனும் மாத்திரை உண்டா என்பதே அக்கேள்வி. முன்பெல்லாம் அதற்கான விடை வல்லாரையோடும் ஊறவைத்த பாதாமோடும் முடிந்தது. இன்று நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கனவைச் சுமந்து நிற்கும் நிலையில், அந்தக் கேள்வி மீத்தைல்பெனிடேட், மொடாஃபினில் போன்ற மருந்துப் பெயர்கள் வரை வந்து நிற்கிறது. "இது மது அல்லவே, போதை தருவதில்லையே, படிப்புக்குத்தானே" என்று அதற்குச் சமாதானமும் சொல்லப்படுகிறது.

இந்தச் சமாதானத்தை நாம் ஏற்கவில்லை. நோயில்லாத பிள்ளைக்கு நினைவாற்றல் என்ற பெயரில் தூண்டு மருந்தைக் கொடுப்பது, கல்வியின் பெயரால் கல்விக்கே இழைக்கப்படும் கேடு; பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். இதனை வெறும் ஆவேசமாக அன்றி, மூளையின் இயக்கத்தையும் நம் மார்க்கத்தின் வழிகாட்டலையும் முன்வைத்தே கூற விழைகிறோம்.

பழைய ஆசைதான்

நினைவாற்றலை மருந்தால் வாங்கிவிடலாம் என்ற ஆசை புதியதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பெரும் வரலாற்றாசிரியர் அல்பலாதுரி. இஸ்லாமிய நாடுகளின் வெற்றி வரலாற்றைக் கூறும் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலின் ஆசிரியர் அவர். 'பலாதுர்' என்பது நம் ஊரில் சேராங்கொட்டை என்று வழங்கும் கொட்டையின் அரபுப் பெயர். சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாக் குறியிடப் பயன்படுத்திய அதே கொட்டைதான். அதன் சாறு நினைவாற்றலைப் பெருக்கும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. அதனை அருந்தியதால் அவர் இறுதிக்காலத்தில் அறிவு கலங்கி இறந்தார் என்றும், அதனாலேயே அப்பெயர் அவருக்கு நிலைத்தது என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அச்செய்தி அவருடைய பாட்டனாரைப் பற்றியதாக இருக்கலாம் என்று ஐயுறுவோரும் உண்டு. அது யாருக்கு நேர்ந்ததாயினும், கற்றறிந்தோர் குடும்பத்திலேயே இந்த ஆசை புகுந்து அழிவு செய்தது என்ற எச்சரிக்கையை நம் முன்னோர் பதிவு செய்து வைத்துள்ளனர்.

இன்று கொட்டையின் இடத்தில் மாத்திரை வந்திருக்கிறது. ஆம்ஃபெட்டமின் 1887-இல் பெர்லினில் முதன்முதலாக உருவாக்கப்பட்டது. 1930-களில் அது மருந்தாகக் கடைக்கு வந்ததும், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் விழித்திருப்பதற்காக அதனை உண்ணத் தொடங்கினர். மீத்தைல்பெனிடேட் 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, பின்னர் ரிட்டலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைவீரர்களுக்குப் பெர்விட்டின் என்ற மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரைகள் கோடிக்கணக்கில் வழங்கப்பட்டன. அதனால் நேர்ந்த தளர்ச்சியையும் அடிமைத்தனத்தையும் கண்டு, 1941-இல் அந்த அரசே அதனைக் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உறங்காமல் போரிடப் படைவீரருக்குக் கொடுத்த பொருளின் இனத்தைச் சேர்ந்ததையே உறங்காமல் படிக்கப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாத்திரை உண்மையில் செய்வது என்ன?

மூளையின் நரம்பணுக்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. அந்த இடைவெளியைக் கடந்து செய்தியைக் கொண்டு செல்பவை சில வேதிப்பொருள்கள். அவற்றுள் டோப்பமினும் நார்அட்ரினலினும் விழிப்பு, ஊக்கம், கவனம் ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையவை. தம் பணி முடிந்ததும் அவை திரும்ப உறிஞ்சப்படும். மீத்தைல்பெனிடேட் அவ்வாறு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமினோ அதற்கும் மேலே சென்று, நரம்பணுவிலிருந்து அவற்றை மிகுதியாக வெளியேற்றவும் செய்கிறது. இதனால் சோர்வு மறைகிறது. சலிப்பான பாடமும் சுவையுடையதாகத் தோன்றுகிறது. நீண்ட நேரம் உட்கார முடிகிறது.

பெற்றோரின் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. பிள்ளை மேசையை விட்டு எழவில்லை. ஆகவே மருந்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் மேசையில் அமர்ந்திருப்பது வேறு, கற்பது வேறு, கற்றதை வேண்டிய பொழுதில் நினைவிலிருந்து எடுப்பது வேறு. மருந்து முதலாவதைத் தருகிறது. மற்ற இரண்டையும் தருவதாக அதன் பெயரில் சொல்லப்படுவதே பொய்.

டோப்பமின் மிகுந்தால் மூளை மேலும் நன்றாக இயங்கும் என்பதும் தவறான எண்ணம். சிந்தித்துத் திட்டமிடும் நெற்றிப்புற மூளைக்கு அது அளவோடு வேண்டும். குறைந்தாலும் தடுமாற்றம், மிகுந்தாலும் தடுமாற்றம். மனக் கிளர்ச்சி ஓரளவு வரை கற்றலுக்குத் துணை செய்து, அதற்கு மேல் இடையூறாகும் என்பதையும், கடினமான பணிகளில் அந்த எல்லை இன்னும் விரைவில் வந்துவிடும் என்பதையும் யெர்க்ஸ், டாட்சன் என்ற ஆய்வாளர்கள் 1908-லேயே எலிகளைக் கொண்டு எடுத்துக்காட்டினர். உப்புக் குறைந்த குழம்புக்கு உப்புச் சேர்த்தால் சுவை கூடும். உப்பு அளவாக இருக்கும் குழம்பில் மேலும் ஒரு கரண்டி இட்டால் என்னவாகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

நோயற்ற மனிதரிடம் இம்மருந்துகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2023-இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியானது. 40 பேருக்கு மீத்தைல்பெனிடேட், மொடாஃபினில், டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் ஆகியவற்றையும் மருந்தற்ற வெறும் மாத்திரையையும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்து, எடை எல்லைக்குட்பட்டு மிகுந்த மதிப்புள்ள பொருள்களைப் பையில் தேர்ந்து நிரப்பும் கடினமான கணக்குகளைச் செய்யச் சொன்னார்கள். மருந்துண்டபோது அவர்கள் மிகுதியாக முயன்றனர். ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது. அடுத்தடுத்து எதையெதையோ மாற்றிப் பார்த்தார்களேயன்றி, ஆராய்ந்து செய்யவில்லை. மருந்தில்லாமல் சராசரிக்கு மேல் இருந்தவர்கள் மருந்துண்டபின் சராசரிக்குக் கீழே இறங்கும் போக்கும் காணப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஆம்ஃபெட்டமின் உண்டவர்கள் தாம் சிறப்பாகச் செய்ததாக உறுதியாக நம்பினர். சோதனை முடிவுகளோ அந்த நம்பிக்கைக்கு ஆதரவாக அமையவில்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சிறு பயன் சில சோதனைகளில் தெரிவதாகக் கூறுகின்றனர். அதனை நாம் மறைக்கவில்லை. மதுவையும் சூதையும் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனமும் அவற்றில் பயன் அறவே இல்லையென்று கூறவில்லை. பயனையும் கேட்டையும் நிறுத்துப் பார்க்கவே நமக்குக் கற்பிக்கிறது. அந்தத் தராசில் இதையும் வைப்போம்.

நினைவு எங்கே எழுதப்படுகிறது?

பகலில் படித்தது முதலில் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியின் துணையோடு தற்காலிகமாகவே தங்குகிறது. அது நிலைபெற வேண்டுமாயின் நரம்பணுக்களின் இணைப்புகள் வலுப்பெற வேண்டும். அதற்குப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும், காலம் வேண்டும். கடல் நத்தையிடம் இதனை ஆராய்ந்து கண்ட எரிக் கண்டெல் 2000-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே மூச்சில் திணித்த பயிற்சியைவிட இடைவெளி விட்டுத் தந்த பயிற்சியே நீண்டகால நினைவை உண்டாக்கியது என்பது அந்த ஆராய்ச்சிகளின் முக்கியமான பாடம்.

இந்த வேலையில் பெரும்பங்கு நடைபெறுவது உறக்கத்தில். ஆழ்ந்த உறக்கத்தின்போது பகலின் பாடம் மூளைக்குள் மீண்டும் ஓடி, நிலையான இடத்திற்கு மாற்றப்படுகிறது. கற்றபின் விழித்திருந்தவரைவிட உறங்கியவர் குறைவாகவே மறந்தார் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோர் 1924-லேயே காட்டினர். ஆக, உறக்கத்தைப் பறித்துத் தருகிற படிப்பு நேரம், எழுதிய எழுத்தின் மை காயுமுன் துடைத்துவிடுவதற்கு ஒப்பானது. பிள்ளை உறங்கும் நேரம் வீண் என்று எண்ணும் பெற்றோர், அந்நேரத்தில்தான் பாடம் பதிகிறது என்பதை அறிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் எந்த உடல்நிலையில், எந்த மருந்தின் பிடியில் கற்றாரோ, அதே நிலையில்தான் அது அவருக்கு எளிதாக நினைவுக்கு வரும் என்ற உண்மை. எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து ஓவர்ட்டன் 1964-இல் இதனை விளக்கமாகக் காட்டினார். 1969-இல் மதுவைக் கொண்டு மருத்துவ மாணவர்களிடம் செய்த சோதனையிலும் இது தெரிந்தது. மீத்தைல்பெனிடேட் பெற்ற குழந்தைகளிடமும் இதே தன்மை இருப்பதாக 1976-இல் ஓர் ஆய்வு கூறியது. பின்வந்த சில ஆய்வுகளில் அது அவ்வாறு தோன்றவில்லை. எல்லா மருந்திலும் எல்லா அளவிலும் இது ஒரே வலுவோடு தோன்றுவதில்லை என்பதே நேர்மையான கூற்று. ஆயினும் இரவெல்லாம் மருந்தின் கிளர்ச்சியில் படித்துவிட்டு, காலையில் மருந்து இறங்கிய நிலையில், உறக்கமற்ற கண்களோடு தேர்வறையில் அமரும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். படித்தது ஒரு மூளைநிலை. கேட்கப்படுவது வேறொரு மூளைநிலை. "எல்லாம் தெரிந்திருந்தது, அங்கே வரவில்லை" என்று பிள்ளை அழுதால் அதன் காரணத்தை எங்கே தேடுவோம்?

இவற்றோடு பசியின்மை, படபடப்பு, இரத்த அழுத்த உயர்வு, பதற்றம், சிலரிடம் மனப்பிறழ்வு, தொடர்ந்து உண்போரிடம் அடிமைத்தனம் ஆகியவற்றையும் சேர்த்து நிறுக்க வேண்டும். நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் மீத்தைல்பெனிடேட் இருப்பது காரணமின்றி அன்று.

"காபி குடிக்கவில்லையா?"

இங்கே ஒரு வாதம் எழும். இரவு வணக்கத்தில் விழித்திருக்க நம் முன்னோர் காபி குடிக்கவில்லையா என்று கேட்பார்கள். உண்மைதான். 15-ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவுத் திக்ருக்காகக் காபியை அருந்தினர். 1511-இல் மக்காவில் அதிகாரியாயிருந்த கைர் பேக் அதற்குத் தடை விதித்ததும், அதைப்பற்றி அறிஞர்களிடையே நெடிய விவாதம் நிகழ்ந்ததும், இறுதியில் காபி ஆகுமானதாக நிலைபெற்றதும் வரலாறு. அந்த அறிஞர்கள் பெயரைப் பார்த்துத் தீர்ப்பளிக்கவில்லை. விளைவைப் பார்த்தே தீர்ப்பளித்தனர். நாமும் அதையே கேட்கிறோம்.

காலையில் குடிக்கும் ஒரு குவளை காபியை நாம் குறை கூறவில்லை. விழித்திருக்கும் நேரம் நீள நீள அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்து உறக்கத்தை அழைக்கிறது. காஃபின் அந்த அழைப்பைக் கேளாமல் செய்கிறது. களைப்பைப் போக்குவதில்லை, மறைக்கிறது. உட்கொண்டதில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். இஷாவுக்குப் பின் பிள்ளையின் கையில் கொடுக்கும் ஆற்றல் பானமும் அடர்காபியும் அவனுடைய பாதி இரவைத் தின்னும். ஆகுமான பொருளும் நேரம் தவறினால் கேடு செய்யும்.

அவிழ்க்கச் சொன்ன கயிறு

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு நிகழ்ச்சியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் நின்று தொழுது களைக்கும்போது பற்றிக்கொள்வதற்காக அது கட்டப்பட்டிருந்ததாகச் சொல்லப்பட்டது. அதனை அவிழ்க்குமாறு பணித்த நபி (ஸல்) அவர்கள், உற்சாகம் இருக்கும்வரை தொழுமாறும், களைத்தால் அமர்ந்துவிடுமாறும் அறிவுறுத்தினார்கள்.

வணக்கத்திலேயே உடலை இழுத்துப் பிடிக்கும் கயிறு அனுமதிக்கப்படவில்லையென்றால், ஒரு நுழைவுத் தேர்வுக்காகப் பதினேழு வயதுப் பிள்ளையின் நரம்புகளில் வேதிக்கயிறு கட்ட நமக்கு யார் உரிமை தந்தது? இரவெல்லாம் வணங்க முனைந்த தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உரிமை உண்டென ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததையும், அதனை நபி (ஸல்) அவர்கள் உண்மையென ஏற்றதையும் மேடைதோறும் கேட்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். மறதிக்கு மருந்து தேட வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர்.

நினைவைக் காக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. திருக்குர்ஆன் ஒரே இரவில் மொத்தமாக இறக்கப்படாமல் 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக அருளப்பட்டது. அது உள்ளத்தை உறுதிப்படுத்துவதற்காகவே என்று அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் காரணம் காட்டுகிறது. ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் குர்ஆனை ஓதி மீட்டினார்கள். இறுதி ஆண்டில் இருமுறை மீட்டினார்கள். திரும்பத் திரும்ப ஓதிக் காக்காவிட்டால் கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் நெஞ்சைவிட்டுப் போய்விடும் என்றும் எச்சரித்தார்கள்.

நம் ஹிஃப்ழ் மத்ரஸாக்களில் இன்றும் நடப்பது இதுவே. ஃபஜ்ருக்குப் பின் புதிய ஸபக். பிறகு அண்மையில் ஓதியது. அதன்பின் பழைய ஜுஸ்உகள். உஸ்தாத் முன் பார்க்காமல் ஒப்புவிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் கண்டது என்ன? திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்களை நெஞ்சில் சுமக்கும் பன்னிரண்டு வயது ஹாஃபிழ் எந்த மாத்திரையையும் உண்டவன் அல்லன். அவனைப் பெற்ற சமுதாயம் நினைவாற்றலுக்காக மருந்துக்கடை வாசலில் நிற்பது வெட்கக்கேடு.

யாரைக் குறித்துப் பேசவில்லை

இதைப் படித்துவிட்டு எவரும் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பது உண்மையான நிலை. பிள்ளையின் குறும்போ, வளர்ப்பின் குற்றமோ, ஷைத்தானின் தீண்டலோ அன்று. 1937-லேயே சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர், இத்தகைய தூண்டு மருந்தால் சில குழந்தைகள் அமைதியடைந்து பாடத்தில் முன்னேறியதைப் பதிவு செய்தார். அளவு குறைந்த இடத்தில் அளவை நிறைப்பது மருத்துவம். நோய்க்கு மருந்து தேடுமாறு நமக்குக் கட்டளையும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை "மாத்திரை கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறார்கள்" என்று உறவினர் தூற்றுவதும், அதற்கு அஞ்சி அவர்கள் மருந்தை மறைத்துக் கொடுப்பதும் இன்னொரு அநீதி. உண்மையில், தேவையில்லாதவர் இம்மருந்தைத் தேடி அலைவதால்தான் தேவையுள்ள பிள்ளையும் ஐயத்தோடு பார்க்கப்படுகிறான்.

ஆகவே நாம் கேட்பன இவை. பெற்றோரே, மருத்துவர் சீட்டில்லாமல் எந்தத் தூண்டு மருந்தும் உங்கள் வீட்டுப் படியேற விடாதீர்கள். பிள்ளைக்குக் கவனம் நிற்கவில்லையெனில் மருந்தகத்தை அல்ல, மனநல மருத்துவரை நாடுங்கள். மருந்தகம் நடத்தும் நம் சகோதரர்களே, சீட்டின்றி ஒரு மாத்திரை விற்றுப் பெறும் காசில் பரக்கத் இராது என்பதை உணருங்கள். பயிற்சி நிலையமும் விடுதியும் நடத்துவோரே, நள்ளிரவு வரை விளக்கெரிவதைப் பெருமையாக விளம்பரம் செய்யாதீர்கள். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை வெறுத்த நபியின் உம்மத்தினர் நாம். முன்னிரவில் உறங்கி, ஃபஜ்ருக்கு எழுந்து, தெளிந்த தலையோடு ஒரு மணி நேரம் படிப்பது நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய முறையன்று.

மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாம். வேறு கல்லூரி, வேறு துறை, வேறு வாழ்வாதாரம் உண்டு. ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான ஒரு மகனையோ மகளையோ மீட்டெடுப்பது அவ்வளவு எளிதன்று. உங்கள் வீட்டில் அந்தக் கயிறு கட்டப்பட்டிருந்தால், இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், தெளிந்த நினைவையும், அமைதியான உறக்கத்தையும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக. ஆமீன்.